கத்தி விற்ற காசும் முடங்கிய சம்பளக் கணக்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ரம்மி விவகாரம் இல்லை. வங்கி, போலீஸ், நோட்டரி, வீடு என்று போன இடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நான் விற்றது கவுன்டர்-ஸ்டிரைக் 2 என்ற கணினி விளையாட்டுக்குள் என்னிடம் இருந்த ஒரு கத்தி. ஃபிளிப் நைஃப் என்ற வகை, டாப்ளர் என்ற வண்ணம். விலை 24,000 ரூபாய். அந்தப் பணம் வந்த பாவத்துக்கு என் சம்பளக் கணக்கு மொத்தமும் முடங்கியது. அதைத் திறக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆட்டத்தில் ஆயுதங்களுக்கு வரும் இந்த மாதிரி அலங்காரத் தோற்றத்தைத்தான் ஸ்கின் என்கிறோம். அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் சந்தையில் விற்றால் 15 சதவீதம் போகும், மீதி ஸ்டீம் வாலட்டிலேயே கிடக்கும், வங்கிக்கு எடுக்க வழி கிடையாது. அதனால்தான் எல்லோரும் வெளி ஆளைத் தேடுகிறோம். அங்கே எல்லோருக்கும் பயம் பொருள் பறிபோவதைப் பற்றித்தான். போலி லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டு கொடுப்பது, நமக்குத் தெரியாமல் நம் கணக்கில் ஏபிஐ கீ (வெளியிலிருந்து ஒரு நிரல் நம் கணக்கை இயக்க உதவும் சாவி) போட்டு, உண்மையான டிரேட் ஆஃபரை, அதாவது பொருளைக் கைமாற்றும் கோரிக்கையை, ரத்து செய்துவிட்டு அதே பெயர், அதே படத்தோடு வேறொரு ஆஃபரை நீட்டுவது, குரூப் அட்மின் பெயரில் வரும் போலி இடைத்தரகர். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஏபிஐ கீ பக்கம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு டிரேடும் செய்வேன். கத்தி பத்திரமாகத்தான் கைமாறியது. வந்த பணம்தான் வம்பு.

ஆள் கிடைத்தது டெலிகிராமில். 2025 ஜூலையில் வால்வ் டிரேட் புரொடெக்‌ஷன் கொண்டுவந்த பிறகு வாங்குகிறவர்கள் உஷாராகிவிட்டார்கள். கைமாறிய பொருளைக் கொடுத்தவர் 7 நாளுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். இழுத்தால் அந்த 7 நாளில் செய்த எல்லா டிரேடும் சேர்ந்து திரும்பும், 30 நாள் டிரேட் தடையும் விழும். இருந்தாலும் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு என்பதால், இப்போதெல்லாம் பலர் பாதிப் பணத்தை எட்டாம் நாள்தான் கொடுக்கிறார்கள். இவன் எட்டாம் நாள் பேச்சையே எடுக்கவில்லை. பேரமும் இல்லை. கத்தி போய்ச் சேர்ந்ததும் முழுத்தொகையும் யூபிஐயில் வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயர் மட்டும் வேறு. கேட்டேன். "அண்ணன் அக்கவுண்ட் ப்ரோ" என்றான்.

பேரம் இல்லை, அவசரம், வேறு பெயர். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த ஆளுக்குக் கத்தி மேல் ஆசை கிடையாது, கையில் இருக்கும் காசைத் தள்ளிவிட வேண்டும். இது புதிய வித்தையும் இல்லை. 2019 அக்டோபரில் வால்வ், கவுன்டர்-ஸ்டிரைக்கில் ஸ்கின் பெட்டிகளைத் திறக்கப் புதிதாக வாங்கும் சாவிகளை மறுபடி விற்பதையும் டிரேடு செய்வதையும் நிறுத்தியதே, அதற்குக் காரணமே மோசடிக் கும்பல்கள் திருட்டுப் பணத்தைச் சாவியாக மாற்றிக் காசாக்கியதுதான். கைமாறும் சாவிகளில் கிட்டத்தட்ட எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கியவை என்று அந்த நிறுவனமே அப்போது சொன்னது. சாவி போய் இப்போது கத்தி.

சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் யூபிஐ போகவில்லை. சர்வர் பிரச்சினை என்று நினைத்தேன். ஏடிஎம்மிலும் வரவில்லை. அதே நாளில் பைக் இஎம்ஐயும் பவுன்ஸ்.

கோவையில் நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சைபர் கிரைம் ஹோல்டு போட்டிருக்காங்க. என்ன தம்பி, ரம்மியா?" என்றார். இல்லை சார், கேமில் ஒரு ஸ்கின் விற்றேன் என்றேன். "ஆன்லைன் கேம்தானே? அதான் தடை பண்ணிட்டாங்களே!" 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடை செய்தது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் நகைக்கடன் வரிசை நீண்டிருந்தது. "ஹோம் பிராஞ்ச் எதுவோ அங்க போய்க் கேளுங்க" என்று முடித்துவிட்டார்.

ஹோம் பிராஞ்ச் திருச்சியில். கல்லூரிக் காலத்தில் திறந்த கணக்கு. லீவு போட்டு, பஸ் ஏறிப் போனால், அங்கே இருந்த அம்மா அதே திரையைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னார்: "சைபர் கிரைம் ஹோல்டு. போலீஸ்லதான் கேக்கணும்." இதற்கா திருச்சி? நீங்கள் போகாதீர்கள். ஹோல்டு விவரம் எந்தக் கிளையின் திரையிலும் ஒன்றுதான்.

வங்கியில் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. "ஏன் முடக்கினீர்கள்?" என்று கேட்டால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தின் ஒப்புகை எண் என்ன, எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மெயில் எது, எந்த யூடிஆர் எண்ணுக்கு (பணப் பரிமாற்ற எண்) எவ்வளவு தொகை சர்ச்சையில் இருக்கிறது, நாம் எத்தனையாவது லேயர், அதாவது பணம் போன வரிசையில் நம் கணக்கு எத்தனையாவது. இவ்வளவையும் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, நகலில் சீல் வாங்கினேன். வாயால் கேட்டபோது தெரியாது என்ற அதே கிளை, சீல் விழுந்த பிறகு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தது.

அதைப் படித்ததும்தான் கதை புரிந்தது. வடமாநிலம் ஒன்றில் யாரோ ஒருவர் மோசடியில் பணத்தை இழந்து சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்திருக்கிறார். அந்தப் பணம் முதலில் போன கணக்கு லேயர் ஒன்று. அதிலிருந்து என் கத்திக்கு வந்த 24,000 லேயர் இரண்டு. அந்த முதல் கணக்குதான் 'அண்ணன்' வாடகைக்கு விட்ட கணக்கு. புகார் பதிவானதும் பணம் போன வழியெல்லாம் வங்கிகள் வரிசையாகப் பூட்டுகின்றன. நடுவில் நிற்கிறவன் திருடனா, கத்தி விற்றவனா என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. 7 நாள் எப்போதோ கடந்துவிட்டதால் கத்தியைத் திரும்ப இழுக்கவும் வழியில்லை. டெலிகிராமில் அவன் இரண்டு பக்கத்துச் செய்திகளையும் சேர்த்து அழித்துவிட்டுப் போயிருந்தான். அந்தச் செயலியில் அது முடியும், எத்தனை நாள் கழித்தும் முடியும். பேசி முடித்த கையோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் அங்கே வியாபாரமே பேசாதீர்கள். என்னிடம் விலை பேசிய பகுதியும் 'அண்ணன்' பகுதியும் இருந்தன.

உள்ளூர் சைபர் கிரைம் நிலையத்தில் உட்காரச் சொல்லிக் கேட்டார்கள், அதுவே பெரிய விஷயம். எஸ்.ஐ. எழுதிக்கொண்டே, "என்னப்பா வித்த?" என்றார்.

"கத்தி சார்."

பேனா நின்றது. பக்கத்து மேஜை ஏட்டும் நிமிர்ந்து பார்த்தார். போனை எடுத்துப் படத்தைக் காட்டி, இது விளையாட்டுக்குள் இருப்பது, கையில் பிடிக்க முடியாது என்று சொல்லி முடித்தபோது, "கையில பிடிக்க முடியாததுக்கு இருபத்தி நாலாயிரமா?" என்று ஏட்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. எஸ்.ஐ. நல்ல மனிதர். புகார் வேறு மாநிலத்தில் இருப்பதால் அவர்களால் பூட்டைத் திறக்க முடியாது, அந்த அதிகாரிதான் வங்கிக்கு எழுத வேண்டும் என்றார். அப்புறம், "நீயும் அவன் மேல தளத்துல ஒரு புகார் போட்டு வை, அந்த நம்பரையும் சேர்த்து அனுப்பு" என்றார். இந்த ஒரு யோசனைதான் பிற்பாடு கைகொடுத்தது.

புகார் பதிவான மாநிலத்துக்குப் போன் போட்டால் இந்தி. எனக்கு வராது. சௌகார்பேட்டையில் வளர்ந்த சக ஊழியர் ஒருவர் மதிய இடைவேளைகளைத் தியாகம் செய்தார். அதிகாரி முதலில் கேட்டது பில். என்ன விற்றாய், பில் எங்கே, ஜிஎஸ்டி எங்கே? இரண்டாவது, நேரில் வா. ரயில் டிக்கெட் போடுவதா என்று ஒரு வாரம் குழம்பினேன். எஸ்.ஐ.தான் தடுத்தார். முதலில் எல்லாவற்றையும் மெயிலிலும் ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பு, எழுத்தில் சம்மன் வந்தால் போகலாம் என்றார். சம்மன் வரவில்லை.

பில் இல்லாத பொருளுக்கு ஆதாரம் காட்டுவது எப்படி? ஸ்டீமில் டிரேட் ஹிஸ்டரி பக்கம் இருக்கிறது, தேதி, நேரத்தோடு. அதை உலாவியின் முகவரி தெரியும்படி அச்செடுத்தேன். கத்தி போன நேரமும் யூபிஐ வந்த நேரமும் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதை அடிக்கோடிட்டேன். வாங்கியவன் பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டான். ஆனால் 7656119 என்று தொடங்கும் 17 இலக்க ஸ்டீம் எண்ணை யாராலும் மாற்ற முடியாது. அதைப் பெரிய எழுத்தில் போட்டேன். இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் அதன் தேய்மானத்தைக் காட்டும் ஃப்ளோட் மதிப்பு என்று ஒரு எண் இருக்கிறதே, என் கத்திக்கு 0.03-இல் தொடங்கி நீளமான தசம எண். அதை ஃப்ளோட் தரவுத்தளத்தில் தேடினால் என் கத்தி இன்னொரு ஆளின் இன்வென்டரியில் (அவர் கணக்கின் பொருள் பட்டியலில்) சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. அதே எண், கடைசி இலக்கம் வரை. பார்த்ததும் வயிறு எரிந்தது. அதையும் அச்செடுத்துச் சேர்த்தேன். கூடவே ஆறு மாத ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, ஆதார் நகல், முத்திரைத்தாளில் ஒரு உறுதிமொழி. நோட்டரி கத்தி என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தார். "கணினி விளையாட்டில் பயன்படும் மின்னணு அலங்காரப் பொருள்" என்று மாற்றி எழுதி வந்த பிறகுதான் சீல் விழுந்தது.

முதல் மெயிலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. சைபர் குற்றப் புகார் தளத்திலேயே ஒவ்வொரு மாநிலத்துக்கும் நோடல் அதிகாரி, குறைதீர்ப்பு அதிகாரி என்று பட்டியல் பொதுவில் கிடக்கிறது. அந்த இரண்டு பேரையும் என் வங்கியின் நோடல் அதிகாரியையும் நகலில் சேர்த்து மூன்றாவது மெயில் அனுப்பியதும் அந்தப் பக்கத்திலிருந்தே போன் வந்தது. இந்த முறை பேச்சில் சூடு இல்லை. என் பில்லைப் பற்றிக் கேட்கவில்லை, அந்த 17 இலக்க எண்ணைப் பற்றிக் கேட்டார்கள். என் புகார் எண்ணையும் குறித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆளைப் பிடிக்க ஒரு நூல்.

மெயிலில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. 24,000-ஐ மட்டும் நிறுத்தி வையுங்கள், மீதியை விடுங்கள். கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் இப்படிப்பட்ட வழக்குகளில் முடக்கத்தைச் சர்ச்சைக்குரிய தொகையோடு நிறுத்தச் சொல்லியிருக்கின்றன. அதையும் ஒரு வரியில் எழுதினேன். "முழுவதையும் விடுவியுங்கள்" என்று கேட்டிருந்தால் கோப்பு இன்னும் அங்கேயே தூங்கும் என்று நினைக்கிறேன். தொகை மட்டும் லியனாக, அதாவது எடுக்க முடியாதபடி கணக்கிலேயே பிடித்து வைக்கப்பட்டதாக, நின்றால் அவர்கள் வழக்குக்கும் சேதமில்லை, கையெழுத்துப் போடுகிறவருக்கும் பயமில்லை.

இதற்கிடையில் 2025 அக்டோபரில் விளையாட்டுக்கு ஒரு அப்டேட் வந்து, ஐந்து சிவப்பு (உயர்தர) ஸ்கின்களைக் கொடுத்தால் கத்தி கிடைக்கும் என்றாகி, கத்தி விலையெல்லாம் சரிந்தது. நண்பர்கள் போன் போட்டு, "நல்ல நேரத்துல வித்துட்ட மாப்ள" என்று வாழ்த்தினார்கள். விற்ற காசு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் காலை கணக்கு திறந்திருந்தது. தகவல் எதுவும் வரவில்லை, யூபிஐ போனது, அவ்வளவுதான். முதல் வேலையாக மீதிப் பணத்தை எல்லாம் வேறு வங்கிக்கு மாற்றினேன். சம்பளக் கணக்கை மாற்ற எச்.ஆரில் ஒரு படிவம் போதுமாக இருந்தது. இனி விற்பனைக் காசு எதுவும் சம்பளம் வரும் கணக்குக்கு வராது. அதற்கென்று தனிக் கணக்கு, அதில் எப்போதும் சில நூறு ரூபாய்தான். பணம் வாங்குகிறவன் பெயரிலேயே வர வேண்டும், வேறு பெயரில் வந்தால் அதே தொகையை வந்த வழியிலேயே திருப்பிவிடுவேன். பிஜிஎம்ஐ என்ற மொபைல் விளையாட்டின் ஐடி விற்கும் தம்பிகளும் கவனியுங்கள். வாங்கியவனிடமிருந்து பழைய மெயிலை வைத்து ஐடியைத் திரும்பப் பிடுங்கும் கதைகள்தான் உங்கள் குரூப்களில் ஓடுகின்றன, பணம் வரும் பக்கத்து ஆபத்தை யாரும் பேசுவதில்லை.

24,000 இன்னும் லியனில்தான். எடுக்க வேண்டுமானால் அந்த மாநில மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட வேண்டும் என்றார்கள். விசாரித்த வக்கீல் சொன்ன கட்டணம் கத்தியைவிட அதிகம். ஏமாந்தவருக்கே அந்தத் தொகை திரும்பிப் போகும் என்று அதிகாரி சொன்னார், சரி என்றேன். எனக்கு விட மனமில்லாதது பவுன்ஸ் கட்டணம். கணக்கில் பணம் இருக்கும்போதே பூட்டியதால்தான் இஎம்ஐ திரும்பியது, அந்தத் தண்டத்தைக் கட்ட நான் ஏன்? வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம். படிவத்தை இப்போதே நிரப்பி வைத்துவிட்டேன்.