எலக்ட்ரோலக்ஸ் 30: தீப்பொறி ஒருவழியாக அடங்கியது

எலக்ட்ரோலக்ஸ் மாடல் 30 என்ற பழைய வாக்குவம் கிளீனர் (தூசி உறிஞ்சும் மெஷின்) ஒருவழியாக ஓடுகிறது. ஓடுகிறது என்றால், காற்று வெளியேறும் வழியில் எட்டிப் பார்த்தால் நீல வெளிச்சம் தெரியாமல், ஓசோன் நெடி மூக்கில் ஏறாமல், மூடிமேல் கைவைத்தால் சூடு தாங்குகிற அளவில் ஓடுகிறது. 1937-இல் லுரெல் கில்ட் வடிவமைத்த, சறுக்குக் கட்டைகள்மேல் நிற்கும் அதே நீள உருளைதான்.

வெளிவேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரோம் பட்டைகளை மென்மையான பாலிஷால் துடைத்தேன். லெதரெட் உறையை ஈரத்துணியோடு விட்டுவிட்டேன். பழைய மெஷினைக் கண்ணாடிபோல் மின்ன வைத்துப் படம் எடுப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நாற்பது வருஷம் யாரோ வீட்டில் உழைத்த அடையாளம் கொஞ்சமாவது இருக்கட்டும். வயர் மட்டும் முழுக்கப் புதிது. மேலே துணிப்பின்னல் நன்றாக இருந்தது, வளைத்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் மொறுமொறுவென்று நொறுங்கியது. மூன்று கம்பி வயராகப் போட்டு எர்த்தையும் உள்ளே சட்டத்தில் முறுக்கிவிட்டேன். ஒரிஜினாலிட்டி போய்விட்டது என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கலாம். சுற்றிலும் எஃகுத் தகடு. ஒரிஜினாலிட்டிக்காக ஷாக் வாங்க நான் தயாரில்லை.

இனி மோட்டார். புது கார்பன் பிரஷ் (சுழலும் பகுதியில் உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கரிக்கட்டை) போட்டேன், தீப்பொறி. ஸ்பிரிங் மாற்றினேன், தீப்பொறி. பேரிங் மாற்றிய பிறகு சத்தம் குறைந்தது, பிரஷ் உரசுகிற செப்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் அப்படியே. யாரிடம் கேட்டாலும் “பிரஷ்ஷை மாற்றிப் பாருங்கள்” என்பதுதான் பதில். பிரஷ் விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம். அதிலும் ஒரு கடையிலிருந்து வந்த ஜோடியில் ஒன்று மற்றதைவிட அகலம். அரத்தால் தேய்த்துச் சேர்த்தேன். கேட்டதற்கு “எல்லாம் ஒரே சைஸ்தான் சார்” என்றார்கள்.

மல்டிமீட்டரை வைத்து கம்யூட்டேட்டரின் அடுத்தடுத்த செப்புப் பட்டைகளுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸ் பார்த்ததில்தான் வழி கிடைத்தது. சுற்றிவந்தால் எல்லா அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. எங்காவது ஒன்று எகிறியிருந்தால் காயில் அறுந்திருக்கும், ஒன்று சரிந்திருந்தால் ஷார்ட். இரண்டும் இல்லை. ஆர்மேச்சரை, அதாவது சுழலும் பகுதியின் கம்பிச்சுற்றை, திரும்பக் கட்ட வேண்டாம் என்ற நிம்மதி ஒருபக்கம். அப்படியென்றால் கோளாறு மேற்பரப்பில்தான் என்பது மறுபக்கம். கட்டைவிரல் நகத்தைப் பட்டைகளுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டினேன். டிக், டிக், டிக் என்று தட்டியது. பள்ளத்தில் இறங்கித் தட்டவில்லை, மேட்டில் ஏறித் தட்டியது. மைக்கா!

செம்பு தேயும், பட்டைகளுக்கு நடுவே மின்சாரம் தாவாமல் தடுக்க வைத்திருக்கும் மைக்கா அவ்வளவு சீக்கிரம் தேயாது. பல வருஷம் ஓடிய மோட்டாரில் செம்பு இறங்கி, மைக்கா மட்டும் தலைதூக்கி நிற்கும். வேகத்தடை வரிசையில் வண்டி ஓட்டுவதுபோல பிரஷ் ஒவ்வொரு மைக்காவிலும் துள்ளும். துள்ளுகிற இடைவெளியில் தீப்பொறி. இதில் புது பிரஷ் என்ன செய்யும்? அதுவும் துள்ளும்.

முதலில் லேத்தில் மிக மெலிதாக ஒரு சீவல், வட்டம் சரியாகிற அளவுக்கு மட்டும். அப்புறம் ஒவ்வொரு இடுக்கிலும் மைக்காவைக் கீழே இறக்க வேண்டும். இதற்கென்று விற்கும் கருவிகளைவிட ஹேக்ஸா பிளேடுதான் எனக்குக் கைவந்தது. பிளேடின் பற்கள் இருபுறமும் விரிந்திருக்கும்; அந்த விரிப்பைச் சாணைக்கல்லில் தேய்த்து, பல்லின் தடிமன் மைக்காவின் தடிமனுக்குச் சமமாக வரும்வரை குறைத்துக்கொள்ள வேண்டும். பருமனாக இருந்தால் செம்பைத் தின்னும். மெலிந்திருந்தால் இன்னும் மோசம்: நடுவில் மட்டும் வாய்க்கால் விழுந்து, இருபக்கச் சுவரிலும் மைக்கா மெல்லிய ஏடாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வெறும் கண்ணுக்கு வேலை முடிந்ததுபோல்தான் இருக்கும். பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் வைத்துப் பார்த்தால் அந்த ஏடு மினுங்கும். அதை ஊசிமுனையால் உரித்தெடுக்காவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். ஆழம் இடுக்கின் அகலத்தளவு இருந்தால் போதும். பிறகு செம்பின் ஓரங்களில் லேசாகச் சரிவு கொடுத்து, பிசிறைத் துடைத்து, நைஸ் உப்புத்தாளால் ஒரு சுற்று. எமரி வேண்டவே வேண்டாம். அதன் துகள் மின்சாரம் கடத்தும், இடுக்கில் தங்கினால் புதுத் தலைவலி.

பிரஷ்ஷைப் பதப்படுத்த, உப்புத்தாளைச் சொரப்பு வெளியே தெரியும்படி கம்யூட்டேட்டரில் சுற்றி, ஓடும் திசையில் மட்டும் கையால் திருப்பினேன். பிரஷ் முகம் முழுக்க ஒரே வளைவாக வந்ததும் தூளை ஊதிவிட்டு, ஷாஃப்டுக்கும் பட்டைகளுக்கும் நடுவே மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்த்து, மின்சாரத்தைக் கட்டுப்படுத்த வரிசையில் ஒரு பல்பை இணைத்து முதல் ஓட்டம், அப்புறம் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் படிப்படியாக. விசிறியைக் கழற்றிவிட்டு முழு வோல்டேஜ் கொடுக்காதீர்கள். இது சீரிஸ் மோட்டார், சுமை இல்லையென்றால் வேகம் கட்டுக்கடங்காது. இப்போது பிரஷ் நுனியில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம், அவ்வளவுதான். செம்பில் சாக்லேட் பழுப்பு ஏற ஆரம்பித்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்து அதைத் துடைப்பவர்களும் உண்டு. பிரஷ் வழுக்கி ஓடுவதே அந்தப் படலத்தில்தான், விட்டுவிடுங்கள்.

எத்தனை வாட் என்று கேட்கிறார்கள். வாட் என்பது மெஷின் குடிக்கிற மின்சாரம், இழுக்கிற இழுப்பு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் 1600, 2017-இல் 900 என்று வாக்குவம் கிளீனர்களின் வாட்டுக்கு உச்சவரம்பு வைத்த பிறகும் தூசி எடுபடத்தான் செய்கிறது. எனக்குக் காதுதான் மீட்டர். உறிஞ்சும் வாயை உள்ளங்கையால் அடைத்தால் ஒலி ஏற வேண்டும். காற்று ஓடாததால் விசிறிக்குச் சுமை குறைந்து மோட்டார் வேகமெடுக்கிறது. மெஷினின் வாயிலேயே அடைத்தால் அருமையாகக் கூவுகிறது. ஹோஸை மாட்டி அதன் நுனியை அடைத்தால் ஒலி அசைவதே இல்லை. பின்னல் ஹோஸ் வழியெங்கும் காற்றை வாங்குகிறது என்று அர்த்தம். பழைய பின்னலுக்குள் புது லைனர் (உள்குழாய்) நுழைப்பதா, புது ஹோஸ் வாங்கிப் பழைய உலோக முனைகளை ஏற்றுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. லைனர் நுழைத்தவர்கள் யாராவது இருந்தால், வளைவில் மடிகிறதா என்று சொல்லுங்கள்.

அதை முடிப்பதற்குள் ஹூவர் 150 என்ற இன்னொரு பழைய வாக்குவம் கிளீனர் மேசைக்கு வந்துவிட்டது. 1936, ஹென்றி டிரைஃபஸ் வடிவம், மேலே பேக்லைட் மூடி, கீழே மெக்னீசியம். பேக்லைட்டில் ஒரு கீறல் இருக்கிறது, பார்க்கலாம். மெக்னீசியப் பகுதியைச் சக்கரத்தில் பாலிஷ் போடும் எண்ணம் எனக்கு இல்லை. அந்தத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. கையால் ஈரத்தோடுதான். மோட்டாரைத் திறந்ததும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் டிக், டிக். பிளேடைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன்; இதன் மைக்கா இன்னும் மெலிசு, இன்னொரு பிளேடு வேண்டும்.