பொன்னாடைக்கு முன் கேட்க வேண்டியது

என் வேலைக்கு யாழ்ப்பாணத்தில் இன்னும் ஒரு வசதியான பெயர் இல்லை. படிவங்களில் 'கலை, பண்பாட்டுத் திட்டமிடல்' என்று எழுதுவேன். அம்மா கேட்பவர்களிடம், "பிள்ளை நாடகம் படிப்பிக்கிறாள்" என்பார். அதுவும் சரிதான். பள்ளியில் நாடகமும் அரங்கியலும் கற்பித்துத் தொடங்கினேன். அப்புறம் ஊர்களில் கலைத் திட்டங்கள் வகுத்தேன். இப்போது அந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்குக் கற்பிக்கிறேன்.

எண்பதுகளில் பள்ளிக்குப் போன எனக்கு நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் சிறுவர் நாடகங்கள்தான் வாசல். பிள்ளைகள் ஆடிப் பாடி, கூடவே யோசிக்கவும் செய்த நாடகங்கள் அவை. ஆனால் அதே வயதில் இன்னொன்றும் மனதில் பதிந்துவிட்டது. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின என்று வீட்டில் திரும்பத் திரும்பப் பேசுவார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் போர் நெருங்க, யாழ் நகரைச் சுற்றிய வலிகாமப் பகுதியே எழுந்து கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவில், நாங்கள் எடுத்துப் போனது அரிசியும் அடையாள அட்டைகளும் மட்டும். அப்பாவின் ஆர்மோனியம் வீட்டில் நின்றது. திரும்பி வந்தபோது அது இல்லை. இப்படி வளர்ந்தவர்களுக்குக் கலை என்றதும் வாயில் வரும் முதல் சொல் 'காப்பாற்ற வேண்டும்' என்பதுதான். யார் செலவில் காப்பாற்றுவது என்று கேட்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு கலைத் திட்டங்களுக்குப் பணம் வரத் தொடங்கியது. வடமராட்சிக் கரையோரக் கிராமம் ஒன்றில் நாட்டுக்கூத்தை மீட்டெடுப்பது என் முதல் பெரிய திட்டம். காலம் மூன்று மாதம், ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் என் தாள்களைக் கையில் வாங்கவில்லை.

"பிள்ளை, இப்ப சோளகம். ஆக்கள் எல்லாம் தொழிலுக்குப் போகினம். வாடை பிறக்கட்டும். கடல் அடிக்கத் தொடங்கினால் எல்லாரும் கரையிலதான் இருப்பினம். அப்ப இரவிரவாப் பழகலாம்" என்றார்.

சோளகம் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. வாடை வரும்போது என் திட்டம் முடிந்து, கணக்கும் மூடப்பட்டிருக்கும். நான் கெஞ்சினேன். அவர் என் முகத்துக்காகச் சம்மதித்தார். கடலால் வந்தவர்கள் கண் சொருகச் சொருகப் பழகினார்கள். விடிய விடிய ஆடும் கூத்தை நான் 40 நிமிடமாக வெட்டினேன். வட்டக்களரியில் சுற்றி நின்று பார்க்க வேண்டியதை நகரத்து மண்டபத்தில் ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில் ஏற்றினேன். கைதட்டல் நன்றாகவே கிடைத்தது. அறிக்கையில் 'வெற்றி' என்று எழுதினேன்.

கணக்கு முடிக்கப் போன அன்று அண்ணாவியாரின் மனைவி தேநீர் தந்துவிட்டு, "பன்னிரண்டு நாள் தொழில் போச்சுது, பிள்ளை" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய தகவலை அவராகவே தந்தார், அவ்வளவுதான். என் வரவு செலவுத் திட்டத்தில் பந்தல் இருந்தது, ஒலிபெருக்கி, பதாகை, சிற்றுண்டி, பொன்னாடை எல்லாம் இருந்தன. ஆடியவர்களின் இழந்த நாட்களுக்கு ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுதாமல் விட்டது நான்தான், பணம் தந்தவர்கள் அல்ல.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நாட்காட்டியைக் கேட்கிறேன். எப்போது தொழில், எப்போது அறுவடை, கோயில் திருவிழா எப்போது, சாதாரண தரப் பரீட்சை எப்போது. பின்னேரங்களில் பிள்ளைகள் எல்லாம் ரியூசனில் இருப்பார்கள், அதற்கும் இடம் விட வேண்டும். மூன்று மாதத்துக்குத்தான் பணம் என்றால், அந்த மூன்று மாதத்தில் கூத்துப் போட மாட்டேன். பாடல்களைப் பதிவு செய்வேன், கொப்பிகளைப் படியெடுப்பேன். பழகுவதை வாடைக்கு விடுவேன்.

வகுப்பில் நான் கொடுக்கும் முதல் பயிற்சி, உங்கள் ஊரில் கலை எங்கே நடக்கிறது என்று வரைபடம் போடுவது. முதல் முறை எல்லோரும் மண்டபங்களைத்தான் குறித்து வருவார்கள். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையம் தவறாமல் இருக்கும். அங்கே 600 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கு இருக்கிறது, நகரத்துக்கு அது தேவையும்கூட. நான் திருப்பி அனுப்புவேன். இரண்டாம் முறை சனசமூக நிலையம், கோயில் வீதி, தேவாலய முற்றம், இணுவிலில் தவில் சாதகம் கேட்கும் ஒழுங்கை எல்லாம் வரும். ஒரு பெண் தன் அம்மம்மா ஒப்பாரி பாடும் திண்ணையைக் குறித்து வந்தாள். அன்று முழு வகுப்பும் அதைப் பற்றியே போனது.

ஒரு வருடம் ஒருவர்கூடப் பறைமேளத்தைக் குறிக்கவில்லை. செத்தவீடுகளில் எல்லோரும் கேட்டு வளர்ந்த ஒலி அது. ஏன் என்று கேட்டேன். வகுப்பு பேசாமல் இருந்தது. அந்த மௌனத்துக்குள் இருந்தது சாதி என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு சிலர் ஆர்வத்தோடு ஒரு பெரியவரைத் தேடிப் போனார்கள். ஐயா, இது அழியக்கூடாது, உங்கள் பேரனுக்குப் பழக்குங்கள் என்றார்களாம். அவர் கேட்டிருக்கிறார்: "என்ர பேரன் அடிக்க, நீங்கள் பாக்கிறதோ? நீங்கள் ஏன் பழகேல்லை?"

மாணவர்கள் வாடிப்போய்த் திரும்பினார்கள். என் பாடத்திட்டத்தில் இதைவிட நல்ல கேள்வி இல்லை. ஒரு கலை சிலருக்குப் பெருமையாகவும், அதைச் சுமக்கிறவர்களுக்கு அவமானமாகவும் இருக்கும்போது, காப்பாற்றச் சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது?

நானே போய் அவரிடம் பேசினேன். வகுப்புக்கு வந்து பழக்குவீர்களா என்று கேட்டேன். மூன்று நிபந்தனை சொன்னார். இருக்க நாற்காலி வேண்டும். படிப்பிக்க வருகிற மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே காசு வேண்டும். தான் சொல்லாமல் ஒருவரும் படம் எடுக்கக்கூடாது. நாற்காலியும் படமும் என் கையில் இருந்தன. காசுக்கு நிர்வாகத்தில் கல்விச் சான்றிதழ் கேட்டார்கள். கடிதம் மேல் கடிதமாக எழுதி நான்கு மாதம் போனது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வெள்ளை வேட்டி சால்வையோடு வந்தார். தோலை வெயிலில் காயவைத்து, தட்டிப் பார்த்து, மறுபடி காயவைத்தார். அந்த அரை மணி நேரமும் ஒருவரும் பேசவில்லை. பிறகு இரண்டு மணி நேரம் பழக்கினார். பதினாறு பேரும் அடித்தார்கள், கை சிவந்தது. படம் எடுக்கச் சொல்லவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. பேரனையும் கூட்டி வருவார் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன். "அவன் கணக்கு வகுப்புக்குப் போட்டான்" என்று சொல்லி, சைக்கிளில் மேளத்தைக் கட்டினார்.