வாளிக்கு வந்த காய்ச்சல்

வீட்டிலேயே லாகர், அதாவது குளிரில் நொதிக்கவிட்டு எடுக்கிற பியர், காய்ச்சிப் பார்க்க ஆசைப்பட்டேன். அதை நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான லாகர் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13 டிகிரி வரை குளிர் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் குளிர் கிடைக்கிற ஒரே இடம் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டு. பியரை நொதிக்கவிடுகிற 20 லிட்டர் வாளி அதற்குள் போகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இஞ்ச் டேப்பைக் கொண்டுபோய் அளந்து பார்த்தேன். “தட்டை எல்லாம் எடுத்துட்டு, கதவையும் கழட்டினா வந்துரும் போல” என்று வாய்விட்டுச் சொன்னதுதான் வம்பாகப் போயிற்று. “கதவைக் கழட்டுங்க, அப்புறம் நீங்களும் அதுக்குள்ளேயே குடியிருங்க” என்றாள் மனைவி. அத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது.

இந்த ஈஸ்ட்டின் பிடிவாதம் பரம்பரைக் குணம். குளிர் கேட்காத ஏல் என்ற பியர் வகைக்குப் போடுகிற சாதாரண ஈஸ்ட்டும், குளிரைத் தாங்கும் ஒரு காட்டு ஈஸ்ட்டும் கலந்து பிறந்தது இது. அந்தக் காட்டுச் சொந்தம் தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் இருப்பதை 2011-ல்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் இதோடு மல்லுக்கட்டியவர்கள் விவரமானவர்கள். ஜெர்மனியின் பவேரியாவில் 1553-ல் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23-லிருந்து செப்டம்பர் 29 வரை யாரும் பியர் காய்ச்சவே கூடாது என்று தடை போட்டுவிட்டார். குளிர்காலத்தில் காய்ச்சி, நிலவறையில் ஐஸ் கட்டிகளை அடுக்கி, கோடை முழுக்க வைத்துக் குடித்தார்கள். 1870-களில் ஜெர்மன் பொறியாளர் கார்ல் ஃபான் லிண்டெ குளிர்பதன இயந்திரத்தோடு வந்த பிறகுதான் மதுவாலைகள் காலண்டரைப் பார்ப்பதை விட்டன. என்னிடம் நிலவறையும் கிடையாது, லிண்டெயும் கிடையாது. குளியலறை இருந்தது.

அகலமான டப்பில் பாதி தண்ணீர். நடுவில் வாளி. வாளிக்கு என் பழைய டி-ஷர்ட். அதன் ஓரம் தண்ணீரில் தோய்ந்து, துணி முழுக்க ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். எதிரே டேபிள் ஃபேன். ஈரம் காயக் காய வாளியின் சூட்டையும் கொண்டுபோகும். நொதிக்க ஆரம்பித்தால் ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பும். அறையைவிட வாளிக்குள் சில டிகிரி கூடுதலாகவே ஏறிவிடும். காய்ச்சல்காரன் நெற்றியில் துணியை நனைத்து நனைத்துப் போடுகிற மாதிரிதான் இந்த வைத்தியமும். ஃபேன் மட்டும் போதாது என்பதால் தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறையவைத்துக் காலையிலும் இரவிலும் டப்பில் மாற்றிப் போட்டேன். ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்கு இடமில்லாமல் போனது. வீட்டில் எல்லோரும் வியர்த்து வழிய, காற்று முழுக்க வாளிக்கே போனது. தெர்மாமீட்டர் 16-ல் நின்றது. நான் வாங்கியிருந்த டபிள்யூ-34/70 என்ற ஈஸ்ட், கொஞ்சம் சூடானாலும் கோபித்துக்கொள்ளாது என்று பெயர் எடுத்தது. அதை வழக்கத்துக்கு இரண்டு மடங்கு போட்டிருந்தேன். ஆள் பலம் இருந்தால் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும் என்ற நம்பிக்கைதான்.

மாமனார் வந்திருந்த சமயம் அது. ராத்திரி எழுந்து குளியலறைக் கதவைத் திறந்தவர், “அடடா, மன்னிச்சுக்குங்க” என்று உடனே சாத்திவிட்டார். அரை இருட்டில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு டப்பில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், ஃபேன் வேறு ஓடுகிறது. மனுஷன் என்ன நினைப்பார்? தோளில் துண்டோடு வெளியே நின்று வெகுநேரம் காத்திருக்கிறார். உள்ளே ஏர்லாக், அதாவது வாளி மூடியில் வாயுவை வெளியே விடுகிற குழாய், விடாமல் ‘பொளக்... பொளக்...’ என்று சத்தம் போட்டிருக்கிறது. கடைசியில் என்னை எழுப்பி, “மாப்ள, உள்ள இருக்கறவருக்கு வயிறு சரியில்லை போல” என்றார் கவலையோடு.

அவர் சொன்னதற்குத் தோதாக மறுநாள் வாடையும் கிளம்பிவிட்டது. லாகர் ஈஸ்ட் வேலை மும்முரத்தில் இருக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கக்கும். அழுகின முட்டை வாடை அப்படியே. கொஞ்ச நாளில் கரியமில வாயுவோடு தானாகப் போய்விடும், பியருக்கு ஒன்றும் ஆகாது. இது எனக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. மனைவி கேஸ் அடுப்பைப் போய்ப் பார்த்தாள். பையன் தாத்தாவைப் பார்த்தான். மாமனார் மூடிக் கிடந்த குளியலறைக் கதவைப் பார்த்தார். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு, சாக்கடையைப் பற்றிப் பொதுவாக இரண்டு வார்த்தை சொல்லி வைத்தேன்.

அடுத்த சோதனை வெண்ணெய் வாசம். ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பு டயசெட்டில் என்ற பொருளை விட்டுவைக்கும். அது மிஞ்சினால் பியரில் வெண்ணெய் மணக்கும். ஒரு கிளாஸில் கொஞ்சம் எடுத்து, மூடி, 60 டிகிரி வெந்நீரில் சற்று நேரம் வைத்து, ஆறவிட்டு முகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முகர்கிற வேலைக்கு என் மனைவியை மிஞ்ச ஆளில்லை. எந்தச் சட்டையை எத்தனை நாள் போட்டேன் என்று கதவருகே நின்றே சொல்கிறவள். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் “வெண்ணெய்” என்றாள். ஃப்ரிட்ஜில் காய்ச்சுகிறவர்கள் இந்தக் கட்டத்தில் வெப்பத்தை 18 டிகிரிக்கு ஏற்றக் கன்ட்ரோலரைத் திருகுவார்கள். நான் ஐஸ் பாட்டிலை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். ஏழைக்கு வாய்த்த ஒரே சலுகை. சில நாளில் அதே மூக்கு “ஒண்ணும் இல்ல” என்று சான்றிதழ் கொடுத்தது.

பாட்டிலில் அடைத்து, வாயு ஏறியதும் ஃப்ரிட்ஜில் ஒரு மூலை கேட்டு வாங்கினேன். அங்கே வாரக்கணக்கில் கிடந்து தெளிந்தது. பொன்னிறம், நல்ல நுரை, கடைசியில் லேசாக ஒரு பழ வாசனை. குடித்துப் பார்த்த நண்பர் ஒருவர், “நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை லாகர்னு சொல்ல முடியாதே” என்று இழுத்தார். 19-ம் நூற்றாண்டில் கலிஃபோர்னியாவில் ஐஸ் கிடைக்காமல் இதே ஈஸ்ட் வகையை இளஞ்சூட்டிலேயே நொதிக்கவிட்டு ‘ஸ்டீம் பியர்’ என்று விற்ற கதையை நான் ஆரம்பித்தேன். அவர் அதற்குள் இரண்டாவது பாட்டிலைத் திறந்துவிட்டார்.

இப்போது நார்வே பண்ணைகளின் க்வைக் ஈஸ்ட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 30, 35 டிகிரியில்கூட உற்சாகமாக வேலை செய்யுமாம். ஐஸ் வேண்டாம், டப் வேண்டாம், வாளியைக் கதகதப்பாகச் சுற்றி வைத்தால் போதும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் தலையைத் தூக்காமலே சொன்னார்: “மாப்ள, என் போர்வையைத் தொடாதீங்க.”