ஒரே எண்ணில் 2 பாக்ஸ்கார் இருந்தால்: எண்ணை மாற்றும் முறை

எச்ஓ அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) அமெரிக்க மாதிரி ரயில் ஓட்டுபவர்களிடம், பாக்ஸ்கார் (கூரையோடு மூடிய பெட்டி) போன்ற சரக்குப் பெட்டிகள் ஒரே எண்ணோடு எப்படியோ சேர்ந்துவிடும். தயாரிப்பாளர்கள் ஒரு வண்ணத்துக்கு இரண்டு மூன்று எண்கள்தான் அச்சிடுகிறார்கள்; நமக்கோ 10 ஹாப்பர் (அடியில் திறந்து சரக்கைக் கொட்டும் பெட்டி) வேண்டும். ரயில் வெறுமனே வட்டமடித்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. கார் கார்டும் (பெட்டிக்கு ஒன்றான அட்டை) வேபில்லும் (அது போகவேண்டிய இடம் எழுதிய சீட்டு) வைத்து ஷண்டிங் (பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பது) செய்யும்போதுதான் சிக்கல். யார்டில் ஒரே எண்ணில் 2 பெட்டி நின்றால் எது ஆலைக்குப் போவது, எது இன்டர்சேஞ்சுக்கு (வேறு ரயில் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் இடம்) போவது? மாதிரி ரயில்களுக்கான ஜேஎம்ஆர்ஐ மென்பொருளும் ரயில் நிறுவனக் குறி, எண் இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு பெட்டியை அடையாளம் காண்கிறது.

கத்தியை எடுப்பதற்கு முன் புது எண்ணைத் தாளில் முடிவு செய்துவிடுங்கள். பாதி வேலை அங்கேயே மிச்சமாகும். எண்ணின் முன்பகுதி பெட்டியின் தொடரைக் காட்டுவது. அதைத் தொட்டால் 40 அடி பாக்ஸ்காருக்கு ஏதோ கோண்டோலாவின் (கூரையில்லாத பெட்டி) எண் வந்துவிடலாம். எந்த நிறுவனத்தின் எந்தத் தொடர் எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்பதை ‘அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரிஜிஸ்டர்’ பட்டியலிடுகிறது. உங்கள் காலத்துக்கு உரிய பழைய பதிப்பைப் பாருங்கள். கடைசி 2 இலக்கத்துக்குள் மாற்றினால் பெரும்பாலும் தொடருக்குள்ளேயே இருப்பீர்கள். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றுவதைவிட அதற்கு முந்தையதை மாற்றுவது நல்லது: 24553-ம் 24558-ம் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும், 24553-ம் 24513-ம் அப்படிக் குழப்பாது. 24551, 24552, 24553 என்று வரிசையாக எண் போட்டு ஒரே ரயிலில் கோக்கவும் வேண்டாம். அசல் பாக்ஸ்கார்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடப்பவை, அப்படி அடுத்தடுத்து வருவது அபூர்வம்.

மாற்ற வேண்டிய இடங்களையும் இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். பாக்ஸ்காருக்கு 2 பக்கம், 2 முனை என்று குறைந்தது 4 இடம். முனைகளில் இருப்பதை மறப்பவர்களே அதிகம். பெட்டிக்கு 2 இலக்கம் மாற்றினால் 8 இலக்கம் அழிக்க வேண்டும், 8 ஒட்ட வேண்டும். ஒரே இலக்கத்தோடு நிறுத்தினால் இதில் பாதிதான்.

அச்சில் 8 இருந்தால் அதிர்ஷ்டம். இடப்பக்கக் கோடுகளைச் சுரண்டினால் 3, கீழ் இடப்பக்கத்தை மட்டும் எடுத்தால் 9, மேல் வலப்பக்கத்தை எடுத்தால் 6, நடுக்கோட்டை எடுத்தால் 0. டீகாலே (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) தேவையில்லை. ஆனால் கோட்டின் தடிமன் எங்கும் ஒரே அளவாக உள்ள கோத்திக் எழுத்தில்தான் இது எடுபடும். தடித்தும் மெலிந்தும் போகும் ரோமன் எழுத்தில் இப்படிச் செய்த 3, பாதி உடைந்த 8 போலத்தான் நிற்கும். 7 அங்குல இலக்கம் எச்ஓவில் சுமார் 2 மில்லிமீட்டர் உயரம். தலையில் மாட்டும் உருப்பெருக்கி இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

முழு இலக்கத்தையும் அழிக்க என் முதல் தேர்வு வால்தர்ஸ் சால்வாசெட். இது டீகாலை மென்மையாக்கும் திரவம், ஆனால் பல தயாரிப்பாளர்களின் பேட் பிரிண்ட் (மெத்தென்ற திண்டால் ஒற்றும் அச்சு) மையையும் இளக்கிவிடும். டிஷ்யூ தாளை இலக்கத்தின் அளவுக்கு வெட்டி வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள். 10 நிமிடம் கழித்து, நுனியை உளிபோல் சீவிய மரப் பல்குச்சியால் மெல்லத் தேயுங்கள். வரவில்லையென்றால் மறுபடி நனைத்துக் காத்திருங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். தேய்ப்பு அதிகமானால் முதலில் போவது ரிவெட் தலைகளின் பெயின்ட்தான், அதற்கடியில் பிளாஸ்டிக்கின் நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். ரிவெட்டுக்கு நடுவே சிக்கிய மைக்கு 11-ம் எண் கத்தியின் நுனி போதும். சுரண்டும்போது கத்தியைப் படுக்கவைத்துப் பிடியுங்கள்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வேலை செய்யும், 70 சதவீதக் கரைசல் என்றால். 91 சதவீதத்தை, மாடல்களின் மொத்தப் பெயின்டையும் உரிப்பதற்கே பலர் பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். எந்தத் திரவமானாலும் முனைச் சுவரின் அடிப்பகுதியில் சோதித்துவிட்டுப் பக்கத்துக்கு வாருங்கள். பெட்டியின் நிறம் பெயின்டாக இல்லாமல் பிளாஸ்டிக்கின் நிறமாகவே இருந்தால் பயமில்லை. அழிய அங்கே பெயின்ட் கிடையாது. ஃபைபர்கிளாஸ் பேனா வேகமானதுதான், ஆனால் அதன் இழைத்தூள் தோலில் குத்தினால் நாள் முழுக்க அரிக்கும். கையுறையும் முகக்கவசமும் போடாமல் தொடாதீர்கள்.

இலக்கம் போன பிறகும் அதன் நிழல் பளபளப்பாகத் தெரியும். கடைசியில் அடிக்கும் மேட் (பளபளப்பற்ற) பூச்சு அதை மறைத்துவிடும்.

இனி டீகால். அழித்த இடத்தில் முதலில் கிளாஸ் (பளபளப்பான) பூச்சு. மேட் பரப்பின் சொரசொரப்பில் டீகால் படலம் முழுதாக ஒட்டாது. அடியில் காற்று தங்கி வெள்ளி நிறத்தில் மினுக்கும். அந்த ரயில் நிறுவனத்துக்கென்றே வந்த மைக்ரோஸ்கேல் டீகால் தாளிலிருந்து இலக்கம் எடுங்கள், பொதுவான எண் தாளில் உருவம் ஒத்துப்போவது அரிது. வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு: தொழிற்சாலை அச்சு கொஞ்சம் பழுப்பேறியிருந்தால் பக்கத்தில் ஒட்டிய புது இலக்கம் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். அந்த நிலையில் ஓரிரு இலக்கத்தோடு நிறுத்தாமல் முழு எண்ணையும் மாற்றிவிடுவது மேல்.

இலக்கத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி, 10 முதல் 15 விநாடி நீரில் முக்கி, காகிதத் துண்டின்மேல் ஒரு நிமிடம் விடுங்கள். பெட்டியில், எண்ணின் அடிவரிசைக்கு நேராக மாஸ்கிங் டேப் ஒட்டினால் கோடு பிசகாது. மைக்ரோ செட் (டீகால் ஒட்ட உதவும் திரவம்) தடவி, இலக்கத்தை நகர்த்தி வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, பிறகு மைக்ரோ சால் (படலத்தை மென்மையாக்கும் திரவம்). படலம் சுருங்கிச் சுருக்கம் விழும். அப்போது விரல் வைத்தால் கதை முடிந்தது, தானாகவே படியும். குமிழி இருந்தால் ஊசியால் குத்தி மறுபடி மைக்ரோ சால் விடுங்கள். நெளிவுள்ள முனைச் சுவருக்கு இரண்டு மூன்று தடவை வேண்டியிருக்கும். ஓர் இரவு காயவிட்டு, நீரால் துடைத்துக் கறையைப் போக்குங்கள்.

எடை விவரத்தையும் மாற்றுவது விருப்பம். பக்கத்தில் அச்சாகியிருக்கும் சுமை வரம்பும் வெற்று எடையும் கூட்டினால் ஒரு நிலையான தொகை வரவேண்டும்: நீராவிக் காலத்து 50 டன் பாக்ஸ்காருக்கு 1,69,000 பவுண்டு. முதல் பெட்டியில் 1,22,300-ம் 46,700-ம் இருந்தால், இரண்டாவதற்கு 1,22,600-ம் 46,400-ம் போடலாம். ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைத்தே ஆகவேண்டும். பிற்காலப் பெட்டிகளில் உள்ள வண்ணக் கோட்டு ஏசிஐ பலகையிலும் (கருவி தானாகப் பெட்டியை அடையாளம் காண்பதற்கானது) பெட்டி எண் பொதிந்திருக்கிறது. அதையும் மாற்றப் புறப்படுபவரை நான் தடுக்க மாட்டேன்.

பெயின்ட் போய்விட்டால், அல்லது அழிக்கவே பொறுமை இல்லையென்றால், ஒட்டுச்செவ்வகம் இருக்கிறது. அசல் ரயில்வேக்களே இதைத்தான் செய்தன: பழைய குறி, எண் மேல் ஒரு செவ்வகம் அடித்துப் புதியதை எழுதிவிடுவார்கள். 1999-ல் கான்ரெயில் என்ற ரயில் நிறுவனம் பிரிக்கப்பட்டபோது சிஎஸ்எக்ஸ் பங்குக்கு வந்த பெட்டிகளுக்கு என்ஒய்சி, நார்ஃபோக் சதர்ன் பங்குக்கு வந்தவற்றுக்கு பிஆர்ஆர் என்று குறி மாறியது. உங்கள் காலம் அதற்குப் பிந்தியது என்றால், நிறம் சற்று ஒத்துப்போகாத செவ்வகமே சரியான தோற்றம்.

ஐரோப்பிய வேகன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 12 இலக்க யுஐசி (சர்வதேச ரயில்வே ஒன்றியம்) எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முதல் 11 இலக்கத்தை 2, 1, 2, 1 என்று மாறி மாறிப் பெருக்கி, விடைகளின் இலக்கங்களைக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் அது. 21 81 2471 217-3 என்பதை 218 ஆக்கினால் கூட்டுத்தொகை 37-லிருந்து 39 ஆகும், எனவே 218-1. ஆகக் குறைந்தது 2 இலக்கம் மாறாமல் தீராது. இந்திய ரயில்வே வேகன்களின் 11 இலக்க எண்ணிலும் கடைசி இலக்கம் இதே வேலைக்குத்தான், கணக்குமுறை வேறு.

கடைசியாக மேட் பூச்சு, பிறகு பழகிய தோற்றத்துக்காக அழுக்கேற்றும் வேலை. வரிசையை மாற்றாதீர்கள்: அழுக்கேற்றிய பெட்டியில் எண் மாற்றினால் அந்த இடம் மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும், சாக்பீஸ் தூள் தடவிச் சுற்றுப்புறத்தோடு கலக்க வேண்டும். டல்கோட் (ஒருவகை மேட் பூச்சு) அடித்த பரப்பில் ஆல்கஹால் கலந்த கரைசல் பட்டால் வெண்மை படரும். இன்னொரு டல்கோட் பூச்சு அதைப் போக்கிவிடும். புது எண்ணைக் கார் கார்டிலும் பெட்டி வந்த அட்டைப்பெட்டியிலும் அன்றே எழுதிவிடுங்கள்.