மச்சான் படகும் என் 82 கிலோவும்

என் எடை 82 கிலோ. இந்த எண்ணை என் டாக்டரைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பவர் என் மச்சான். டாக்டர் குறைக்கச் சொல்வார். மச்சான் ஒருநாள் போன் போட்டு, "மாப்ள, இன்னும் ஒரு மூணு கிலோ ஏத்த முடியுமா?" என்று கேட்டார். அண்ணனுக்கு வீட்டுக்காரர் மேல் எவ்வளவு அக்கறை என்று என் மனைவி நெகிழ்ந்துபோனாள். அவர் கேட்டது படகுக்காக.

சிட்னியின் மேற்குப் பக்கம் டூங்காபியில், தன் வீட்டு கராஜிலேயே மச்சான் கட்டிய படகு அது. 13 அடி நீளம். மெரைன் பிளைவுட், அதன் மேல் ஃபைபர் துணி, எபாக்ஸி பசை. பின்னால் செகண்ட்ஹாண்டில் வாங்கிய 70 குதிரைச் சக்தி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின். கார் வெளியே வெயிலில் காய்ந்தது. இலக்கு மணிக்கு 80 கிலோமீட்டர். ரோட்டில் 80 என்றால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். தண்ணீரில், ஆறு நம் இடுப்புக்கு அரை அடி கீழே ஓடும்போது 80 என்பது வேறு விஷயம்.

இந்தப் பைத்தியம் அந்த ஊர்க் காற்றிலேயே இருக்கிறது. கென் வார்பி என்று ஒருவர். சிட்னியில் தன் வீட்டுக் கொல்லையில், மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு ஒரு படகு கட்டினார். விமானப்படை ஏலத்தில் 65 டாலருக்குக் கிடைத்த பழைய ஜெட் இன்ஜினை அதில் மாட்டினார். 1978 அக்டோபர் 8-ஆம் தேதி புளோவரிங் அணையில் மணிக்கு 511 கிலோமீட்டர் போனார். அந்த உலக சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. டார்லிங் ஹார்பர் மியூசியத்தில் அந்தப் படகைப் பார்த்துவிட்டு வந்த கையோடு மச்சான் பிளைவுட் விலை விசாரிக்க ஆரம்பித்தார்.

அக்கா, அதாவது மச்சானின் மனைவி, கொஞ்சம் கூடுதலாகப் படித்துவிட்டார். 1980-இல் லீ டெய்லர், 1989-இல் கிரெய்க் ஆர்ஃபன்ஸ், இருவரும் அந்த சாதனையை முறியடிக்கப் போய் உயிரையே விட்டார்கள் என்று இரவுச் சாப்பாட்டில் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "நான் 80-தானே போறேன்" என்றார் மச்சான். "கூட யாரு போறா?" என்று அக்கா கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்னியைப் பார்த்தேன்.

வெள்ளோட்டம் விண்ட்சரில், ஹாக்ஸ்பரி ஆற்றில். வருஷா வருஷம் புரூக்ளின் பக்கமிருந்து விண்ட்சர் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் வாட்டர் ஸ்கீ பந்தயம் நடக்கிற ஆறு. அங்கே வேகப் படகு அதிசயமில்லை. படகுக்குள் டிபன் கேரியர் இருந்ததுதான் அதிசயம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 10 நாட், அதாவது மணிக்கு சுமார் 18.5 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் படகு ஓட்ட லைசென்ஸ் வேண்டும். மச்சானிடம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வர எந்தத் தகுதியும் தேவையில்லை. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கடுமையாக்கினால் நல்லது.

லைஃப் ஜாக்கெட் போட்டோம். இன்ஜினை அணைக்கும் சுருள் கயிற்றை மச்சான் தன் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டார். அவர் தூக்கி எறியப்பட்டால் இன்ஜின் தானாக நின்றுவிடும். நான் எறியப்பட்டால் எது நிற்கும் என்று கேட்டேன். "நான் நிறுத்துவேன் மாப்ள" என்றார்.

த்ராட்டிலைத் தள்ளியதும் மூக்கு வானத்தைப் பார்த்தது, அப்புறம் இறங்கி, படகு தண்ணீரை விட்டு மேலெழுந்து வழுக்க ஆரம்பித்தது. ஆஹா என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூக்கு மறுபடி தூக்கியது. விழுந்தது. தூக்கியது. விழுந்தது. அதே தாளத்தில், நிற்காமல். என் பற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. இதற்கு போர்பாய்ஸிங் என்று பெயர். பின்பக்கம் பாரம் அதிகமானாலோ, இன்ஜினை வெளிப்பக்கமாக அதிகம் சாய்த்தாலோ, படகின் அடி கடைசியில் வளைந்திருந்தாலோ இப்படித் துள்ளும். மச்சான் இன்ஜினை முழுதாக உள்ளே சாய்த்தார். துள்ளல் குறைந்தது, நிற்கவில்லை. "மாப்ள, முன்னாடி நகருங்க" என்றார். ஒரு அடி நகர்ந்தேன். "இன்னும்." நகர்ந்தேன். கடைசியில் மூக்குப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்ததும் படகு சட்டென்று அமைதியானது. மச்சான் முகத்தில் வந்த பரவசத்தைப் பார்த்தபோதே என் எதிர்காலம் புரிந்துவிட்டது.

அன்றைக்கு வேகம் எவ்வளவு என்பதில் கட்சி பிரிந்தது. படகில் இருந்த டயல் 80 என்றது. என் போனில் இருந்த ஜிபிஎஸ் 64 என்றது. டயல் வேலை செய்வது தண்ணீருக்குள் இருக்கும் இன்ஜின் காலில் உள்ள சின்ன ஓட்டையில் தண்ணீர் தள்ளும் அழுத்தத்தை வைத்து. அது முதலாளியைச் சந்தோஷப்படுத்தும் ஜாதி. மச்சான் டயல் கட்சி. நான் கணக்குப் போட்டேன். இன்ஜின் நிமிஷத்துக்கு 5,600 சுற்று. கியர் விகிதம் 1.85, ஆக புரொப்பெல்லர் சுற்றுவது 3,027. அதன் பிட்ச் 17 அங்குலம், அதாவது வழுக்காமல் திருகிப் போனால் ஒரு சுற்றுக்கு 17 அங்குலம் முன்னேறும். கணக்குப்படி வருவதே மணிக்கு 78 கிலோமீட்டர்தான். வழுக்கலே இல்லாத புரொப்பெல்லர் உலகத்தில் கிடையாது. பிறகு எப்படி 80? மச்சான் பேப்பரை வாங்கிப் பார்த்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். டயல் கட்சி அன்றோடு கலைந்தது. ஆனால் 64 என்றால் வழுக்கல் 18 சதவீதம். எங்கேயோ பெரிய கோளாறு இருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தவர் படித்துறையில் சும்மா நின்ற ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. ஒரு காலத்தில் ரேஸ் படகு ஓட்டியவராம். டிரெய்லரில் ஏறிய படகின் அடியில் குனிந்து, உள்ளங்கையைப் பின்விளிம்பு வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். கை கடைசியில் மேல்நோக்கி நழுவியது. காரிலிருந்து நீள அலுமினிய ஸ்கேல் ஒன்றைக் கொண்டுவந்து அடியில் வைத்துக் காட்டினார். முன்னால் ஒட்டி உட்கார்ந்த ஸ்கேலுக்கும் படகுக்கும் நடுவே, கடைசி ஒரு அடியில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது. ஒரு பத்துப் பைசா நாணயம் நுழையும் இடைவெளி. மச்சான் பளபளப்புக்காக ராத்திரி ராத்திரியாக உப்புத்தாள் தேய்த்ததில் அந்த இடம் உருண்டுபோயிருந்தது. வேகத்தில் அந்த வளைவு தண்ணீரைப் பிடித்து இழுத்துப் பின்பக்கத்தை அமுக்குகிறது, மூக்கு எழும்புகிறது. அடி கடைசி வரை நேராக இருக்க வேண்டும், விளிம்பு கத்தி மாதிரி முடிய வேண்டும் என்றார் தாத்தா. அப்புறம் என்னைப் பார்த்து, "இவர்தான் உங்க டிரிம் டேபா?" என்று கேட்டார். மூக்கை அமுக்கி வைக்கப் படகின் பின்பக்கம் மாட்டுகிற தகடு அது. மச்சான் சிரித்த சிரிப்பு அக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

கராஜில் படகைக் கவிழ்த்து, எபாக்ஸி மாவு பூசி, நீளக் கட்டையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்து நேராக்கினோம். இனி பளபளப்புக்காக மட்டும் தேய்க்கக்கூடாது என்று மச்சான் தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். கூடவே இன்ஜினை, அதை மாட்டுகிற போல்ட் ஓட்டைகளில் இரண்டு ஓட்டை மேலே தூக்கி மாட்டினோம். ஒரு ஓட்டைக்கு முக்கால் அங்குலம். இன்ஜின் கால் தண்ணீருக்குள் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு இழுவை குறையும். ரொம்பத் தூக்கினால் திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றைக் குடித்துவிட்டு வெறுமனே அலறும், குளிர்விக்கிற தண்ணீரும் ஏறாது.

அடுத்த ஓட்டத்தில் துள்ளல் குறைந்திருந்தது. 70-ஐத் தாண்டினோம். ஊசி 6,100 சுற்றில் நின்றது, இன்ஜின் கம்பெனி போட்ட எல்லையோ 6,000. சந்தோஷமாகக் கத்தலாம் என்று நான் யோசித்த நேரத்தில் படகு வலப்பக்கம் சாய்ந்தது, இடப்பக்கம் சாய்ந்தது, மறுபடி வலம். வரப்பில் சைக்கிள் ஓட்டுகிறவன் கீழே விழாமல் ஹேண்டிலை ஆட்டுவானே, அப்படி. வேகத்தில் படகு ஏறக்குறைய முழுசாகத் தண்ணீருக்கு மேலே வந்து, V அடியின் முனையில் மட்டும் நிற்கும்போது வருகிற தள்ளாட்டம் இது. ஸ்டீயரிங் கேபிளில் கொஞ்சம் லூஸ் இருந்தால் போதும், வளர்ந்துகொண்டே போகும். மச்சான் பயந்து த்ராட்டிலை ஒரேயடியாக இழுத்துவிட்டார். படகு பொத்தென்று அமர்ந்தது. நாங்கள் கிளப்பிவிட்ட அலை மட்டும் நிற்கவில்லை. பின்னாலேயே வந்து, இன்ஜினைத் தாண்டி உள்ளே இறங்கி, முன்னால் இருந்த என் முதுகு வரை வந்து விசாரித்துவிட்டுப் போனது. டிபன் கேரியர் மிதந்தது. மூடி நன்றாக இருந்ததால் புளியோதரை தப்பித்தது.

கேபிளைச் சரிசெய்து, 19 அங்குல பிட்ச் புரொப்பெல்லர் மாட்டினோம். பிட்ச் ஒரு அங்குலம் ஏறினால் இன்ஜின் சுற்று 150 முதல் 200 வரை இறங்கும் என்பார்கள். அப்படியே இறங்கி 5,800-இல் நின்றது. ஹாக்ஸ்பரியில் கடல் ஏற்ற இறக்கம் விண்ட்சர் வரை வரும், அதனால் நீரோட்டத்தோடு போனால் ஜிபிஎஸ்ஸில் சும்மாவே ஓரிரு கிலோமீட்டர் கூடும். உலக சாதனைக்கே இரு திசையிலும் ஓட்டிச் சராசரிதான் எடுக்கிறார்கள். நாங்களும் அப்படியே எடுத்தோம். 81. மூக்குப் பலகையைக் கட்டிப் பிடித்திருந்த நிலையிலேயே நான் போனை உயர்த்திக் காட்டினேன். மச்சான் கண் கலங்கியது. காற்று என்று சொன்னார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு சனிக்கிழமை கல்யாண ரிசப்ஷன் வந்தது. தனியாகப் போனவருக்குப் பழைய துள்ளல் திரும்பிவிட்டது. பாரம் இல்லையே. மச்சான் நேரே இந்தியக் கடைக்குப் போய் 20 கிலோ பொன்னி அரிசி மூட்டை நான்கு வாங்கி மூக்கில் அடுக்கினார். என்னைவிட 2 கிலோ குறைவு, பேச்சு சுத்தமாக இல்லை, சரியான மாற்று. கட்டாமல் வைத்ததுதான் கோளாறு. த்ராட்டிலைத் தள்ளியதும் நான்கு மூட்டையும் சறுக்கிப் பின்பக்கம் வந்து அவர் காலடியில் நின்றன. மூக்கு முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்கு எழும்பியது. விழுந்த வேகத்தில் ஒரு மூட்டை பிரிந்தது. அடியில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றும் பம்ப், அரிசியை இழுத்து, ஊறவைத்து, அடைத்துக்கொண்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த எனக்கு போட்டோ வந்தது: பம்பின் ஜல்லடையில் உப்பிய அரிசி, படித்துறையில் வாத்துக் கூட்டம். அக்கா கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "மீதி மூணு மூட்டை எங்கே?"

அப்புறம்தான் மச்சான் உருப்படியான வேலை பார்த்தார். பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் பின்னாலிருந்து கழற்றி முன்னால் கொண்டுபோய் போல்ட் போட்டு இறுக்கினார். இழுத்த காப்பர் கேபிளின் விலை பேட்டரி விலையைத் தாண்டியது, அதை அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்கு உத்தரவு. படகு தனி ஆளோடு கம்பி போட்ட மாதிரி நேராக ஓடியது. 85 வந்தது.

ஆசையாக நானும் ஒரு ரவுண்டு ஏறினேன். என் வழக்கமான இடத்தில் குத்தவைத்தேன். மூக்கு அமுங்கியது, தண்ணீர் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழுந்தது, ஜிபிஎஸ் 76-இல் நின்றது. பின்னால் வந்து உட்கார்ந்தாலும் பெரிய மாற்றமில்லை. மச்சான் ஒன்றும் சொல்லாமல் கரைக்கு ஓட்டினார். நான் எவ்வளவு வேண்டாம் என்றபோதும் என்னை ஏற்றிக்கொண்டு போன மனிதர், நான் இறங்குவதற்குக் கை கொடுத்தார்.

போன வாரம் கராஜுக்குப் போனபோது முன்பக்கப் பிடியைக் கழற்றி எடுத்திருந்தார். எடையாம், 300 கிராம். இப்போது கரையில் நின்று வீடியோ எடுப்பது என் வேலை. "கையை ஆட்டாம எடுங்க மாப்ள, படகு தள்ளாடுற மாதிரி தெரியுது" என்று அதிலும் குறை. ஸ்டாண்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.