ஸ்வீடனில் தேதி கேட்டால் வாரம் சொல்வார்கள்

சென்னையிலிருந்து ஸ்டாக்ஹோம் வருபவர்களிடம் குளிர், இருட்டு, வாடகை வீடு கிடைக்காத கதை எல்லாவற்றையும் யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆண்டின் வாரங்களை 1, 2 என்று எண்ணிச் சொல்லும் வார எண்ணைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளின் இலையுதிர்கால விடுமுறை 44ஆம் வாரம். பனிச்சறுக்குக்குப் போகும் விடுமுறை ஸ்டாக்ஹோமில் 9ஆம் வாரம், கோதன்பர்க்கில் 7ஆம் வாரம். குடியிருப்பில் குழாய் மாற்ற வருகிறார்களா? "34ஆம் வாரம்" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அபூர்வமாகத் தேதி போட்டால் 2025-08-18 என்று ஆண்டு முன்னால் வரும். ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கு வரிசையாகக் கட்டளையிடும் சிறு நிரல்) எழுதிப் பிழைப்பவனுக்கு அது வரம்தான்: கோப்புகளைப் பெயர்வாரியாக அடுக்கினாலே தேதிவாரியாக அடுக்கியதாகிவிடும்.

வார எண்தான் வம்பு. தேதி எழுதும் முறைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 விதிப்படி வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் விழுகிறதோ அதுவே முதல் வாரம். நம் ஊரில் சங்கராந்தி சூரியன் மறையுமுன் வந்தால் அன்றே மாதப் பிறப்பு, மறைந்தபின் வந்தால் மறுநாள் என்கிறோமே, அது மாதிரி ஒரு தீர்ப்பு இது. இதன்படி டிசம்பரின் கடைசி நாட்கள் அடுத்த ஆண்டின் வாரத்துக்குப் போகலாம், ஜனவரியின் முதல் நாட்கள் பழைய ஆண்டிலேயே தங்கலாம். 2021 ஜனவரி 1, வாரக் கணக்கில் 2020இன் 53ஆம் வாரம்.

லினக்ஸில் தேதியைக் காட்டும் டேட் கட்டளையில் பெரிய எழுத்து வி (%V) இந்த வார எண்ணைத் தரும். அதோடு ஆண்டுக்குப் பெரிய ஒய் போட்டால் தொலைந்தோம். ஒய் தருவது காலண்டர் ஆண்டு; அந்த வாரம் சேரும் ஆண்டைத் தருவது பெரிய ஜி. நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு பழைய ஸ்கிரிப்ட் ஒய்யையும் வியையும் ஒட்டிக் கோப்புக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. 2024 டிசம்பர் 30, திங்கட்கிழமை, அதற்கு "2024-01" என்று பெயர் விழுந்தது. அந்த ஆண்டு ஜனவரி முதல் வார அறிக்கை மேலேயே புது அறிக்கை போய் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் 08, 09. முன்னால் பூஜ்யம் இருப்பதால் ஸ்கிரிப்டை ஓட்டும் நிரலான பாஷ் அவற்றை எட்டடிமான எண் (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் உள்ளது) என்று நினைத்துக் கணக்குப் போட மறுக்கும். எண்ணுக்கு முன் பத்தும் ஒரு ஹேஷ் குறியும் வைத்தால் போதும். ஆனால் பாதி ஆபீஸ் பனிச்சறுக்கில் இருக்கும் 9ஆம் வாரத்தில் பார்த்து இது வெடிக்கும்.

இந்தியாவில் கவலையே படாத இன்னொன்று, மார்ச் கடைசி ஞாயிறு. கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவதால் அன்றைக்கு 23 மணி நேரம்தான். இரண்டு தேதிகளின் வினாடிகளைக் கழித்து, ஒரு நாளின் வினாடிகளான 86400ஆல் வகுக்கும் ஸ்கிரிப்ட் ஒரு நாளை விழுங்கிவிடும். நேர மண்டலத்தை யுடிசி (கடிகார மாற்றமே இல்லாத உலகப் பொது நேரம்) என்று வைத்துக் கணக்கிட்டால் பிரச்சினை இல்லை.

இதே நாட்டில் 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு நாள் நிஜமாகவே இருந்தது. பழைய ஜூலியன் காலண்டரிலிருந்து மெதுவாக விலக முயன்று, பாதியில் கைவிட்டுத் திரும்பியதன் விளைவு. எந்த ஸ்கிரிப்டும் அதை ஒப்புக்கொள்ளாது.

நிதியாண்டு வேறு தனிக்கதை. நம் ஏப்ரல்–மார்ச் கணக்கை விட்டு வந்தோம் என்று நினைத்தால், விடுப்புச் சட்டத்தின் ஆண்டு இங்கே ஏப்ரல் 1இலிருந்து மார்ச் 31 வரை. கம்பெனிகளோ தத்தம் வசதிப்படி: எச் அண்ட் எம்முக்கு டிசம்பரில் தொடக்கம், ஐகியாவுக்கு செப்டம்பரில். அதனால் எங்கள் நிதிவாரக் கணக்கை விதியாக எழுதாமல், நிதியாண்டு தொடங்கும் திங்கட்கிழமையைத் தனிக் கோப்பில் வைத்து, வேண்டிய தேதியிலிருந்து அதைக் கழித்து, வரும் நாட்களை ஏழால் வகுத்து, ஒன்று கூட்டுகிறோம்.

நோட்டீஸ் வாரத்தைத் தேதியாக்க வேண்டுமா? டேட் கட்டளை வார எண்ணை உள்ளே வாங்காது. ஜனவரி 4 எப்போதும் முதல் வாரத்தில்தான் இருக்கும். அந்த வாரத் திங்கட்கிழமையைப் பிடித்து, வார எண்ணில் ஒன்று குறைத்து ஏழால் பெருக்கி, அத்தனை நாள் கூட்டினால் சரி. கடைசி வாரம் எது என்று அறிய டிசம்பர் 28ஐக் கேளுங்கள். 2026க்கு 53 வரும், ஆகவே 52 வரிசையோடு பட்ஜெட் அட்டவணை வைத்திருப்பவர்கள் ஒரு வரிசை சேர்த்துக்கொள்ள வேண்டும்.