குரூவ் வெட்டும் ராத்திரிக்கு முன்னாடி

கான்கிரீட் ரோடு காய்ந்து சுருங்கும்போது எங்காவது விரிசல் விட்டே தீரும். அது நாம் சொல்கிற இடத்தில் விடட்டும் என்றுதான் நாலரை மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே குரூவ், அதாவது மெல்லிய பள்ளக் கோடு, வெட்டுகிறோம். ஸ்லாப் கனத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஆழம். அவசரப்பட்டு வெட்டினால் ஓரம் உதிர்ந்து ஜல்லி பெயரும். தாமதித்தால் கான்கிரீட் தனக்குத் தோன்றிய இடத்தில் வெடித்துவிடும். எங்கள் ஈரோட்டுப் பக்கத்துச் சித்திரை வெயிலில், காலையில் போட்ட கான்கிரீட்டுக்கு அன்று ராத்திரிக்குள் வெட்டு விழுந்தாக வேண்டும். அந்தச் சில மணி நேரத்தில் மெஷின் படுத்துவிட்டால், மறுநாள் மெக்கானிக் வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பராமரிப்பில் நான் கறாராக இருப்பது இதனால்தான்.

என்னிடம் இருப்பது 14 அங்குல பிளேடு போடும் தள்ளு மெஷின். ஹோண்டா ஜிஎக்ஸ்390 இன்ஜின், 389 சிசி. நல்ல இன்ஜின், ஆனால் சிமென்ட் தூசி எந்த இன்ஜினையும் விட்டுவைக்காது. ஏர் ஃபில்டரை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லும் அதே கம்பெனி புத்தகம், தூசியில் ஓடினால் இன்னும் அடிக்கடி செய்யவும் சொல்கிறது. நம் வேலைக்கு அது தினசரி வேலை. ஃபில்டரின் வெளிப்பக்க ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு, புது இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பேப்பர் ஃபில்டரை மெதுவாகத் தட்டினால் போதும். பங்க்சர் கடையில் கொடுத்து முழுப் பிரஷரில் காற்றடிக்கிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். பேப்பர் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். அந்த வழியாக உள்ளே போகும் தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தின்றுவிடும். அப்புறம் நீலப் புகை, கம்ப்ரஷன் போச்சு, இன்ஜினையே பிரித்து ஃபுல் வேலை.

ஆயில் 1.1 லிட்டர். புது இன்ஜினுக்கு முதல் 20 மணி நேரத்தில் மாற்ற வேண்டும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. தூசியில் ஓடுவதால் நான் அதற்கும் முன்பே மாற்றிவிடுகிறேன். ஆயில் குறைந்தால் இன்ஜின் தானாக நின்றுவிட ஒரு சென்சார் இருக்கிறது. “அடிக்கடி ஆஃப் ஆகுது” என்று அந்த ஒயரையே பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு. வாடகை மெஷின் எடுத்தால் முதலில் அந்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

“அண்ணா, மெஷின் லோடு எடுக்க மாட்டேங்குது” என்று பையன் வந்து நின்றால், பலர் பிளேடைத்தான் மாற்றப் போவார்கள். நான் இன்ஜினிலிருந்து பிளேடைச் சுழற்றும் பெல்ட்களின் கவரைக் கழற்றுவேன். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, பிளேடு மட்டும் திணறுகிறது, ரப்பர் கருகும் வாசனை வருகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது. புது பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே கொஞ்சம் இளகும். போட்ட அன்றே ஒருமுறை மறுபடி இழுத்து வைக்க வேண்டும். ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பழையது நீண்டு தொங்க, சுமை முழுக்கப் புதியதன் தலையில் விழும். செட்டாக மாற்றுங்கள். இரண்டு புல்லியும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலே தெரிந்துவிடும். அதற்காக வீணைத் தந்தி மாதிரி முறுக்கியும் வைக்காதீர்கள், ஷாஃப்ட் பேரிங் போய்விடும்.

பிளேடு மாட்டும் இடம்தான் எனக்கு மிக முக்கியம். பிளேடை இறுக்கிப் பிடிக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சைக் கழற்றி விரலால் தடவினால் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு ஒன்று கையில் தட்டும். காய்ந்த சிமென்ட் சேறு. ஒரு பக்கம் மட்டும் இது ஒட்டியிருந்தால் போதும், பிளேடு ஆடும். வெட்டு அகலமாகும், பிளேடு ஓரத்தில் வைரத் துகள் பதித்த பற்களான செக்மென்ட் தளரும். பழைய பிளேடின் துண்டாலேயே சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் மாட்டுவேன். செக்மென்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு வைரத் துகளுக்கும் பின்னால் சின்ன வால் தெரியும். பிளேடு எந்தப் பக்கம் சுற்றி ஓடியது என்பதை அது சொல்லும். அம்புக்குறி அழிந்த பிளேடையும் இதைப் பார்த்து முன்பு ஓடிய திசையிலேயே மாட்டலாம். துகளே தெரியாமல் வழவழப்பாக இருந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது. தூக்கி எறிய வேண்டாம். மணல் தூக்கலான ஹாலோ பிளாக்கில் தண்ணீர் விட்டு நாலைந்து வெட்டு போட்டால் வைரம் மேலே வந்துவிடும். செக்மென்டுகளுக்கு நடுவே உள்ள பிளவின் அடியில் விரிசல் தெரிந்தால் அந்த பிளேடுக்கு மன்னிப்பே கிடையாது. தார் ரோட்டில் ஓடியதென்றால் செக்மென்டுக்குக் கீழே இரும்பு மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீர் பிளேடின் இரண்டு பக்கமும் விழ வேண்டும். ஒரு பக்கத் துளை அடைத்திருந்தாலும் அந்தப் பக்கம் சூடேறும். கம்பியால் குத்திவிட ஒரு நிமிடம்தான். தண்ணீர் லாரி வரவில்லை என்று காய்ந்த வெட்டு போடச் சொல்லும் சூப்பர்வைசர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். பறப்பது சிலிக்கா தூசி. அது நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸைக் குணப்படுத்த மருந்து கிடையாது. மெஷினைத் தள்ளுகிற பையன் இருபது வயதுக்காரன்.

வேலை முடிந்ததும், சேறு காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு. ஏர் ஃபில்டர் பக்கம் பைப்பைத் திருப்பாமல். கழுவிய பிறகுதான் கிரீஸ். கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைத் துடைத்துவிட்டு அடித்தால், பேரிங்குக்குள் புகுந்த தண்ணீரும் பழைய கிரீஸோடு வெளியே வந்துவிடும். மழைக்காலத்தில் மெஷின் சும்மா நிற்கும் என்றால் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.

ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது டெம்போவில் ஏறும் டப்பாவில் ஒரு செட் பெல்ட், ஒரு ஸ்பார்க் பிளக், காய்ந்த ஸ்பாஞ்ச் ஒன்று, இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் ரீகாயில் கயிறு, கிரீஸ் கன், பிளேடு ஸ்பானர் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் எந்த ஊரிலும் ஸ்பேர் கடை திறந்திருக்காது.